கையில் நூறு டாலர்தான், அரிய அமெரிக்க நாணயம் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். காசு வாங்கி விற்பதுதான் என் பிழைப்பு என்பதால் இதைக் கொஞ்சம் தைரியமாகவே சொல்கிறேன். ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் எந்த நாணயத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்பது "இது எத்தனை அடிச்சாங்க?" என்பதுதான், பணம் வீணாவதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

இரண்டு லிங்கன் சென்ட்களை (லிங்கன் முகம் போட்ட ஒரு சென்ட் காசுகள்) எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் டென்வர் நாணயச்சாலை அடித்தவை 1,193,000. 1931-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தவை வெறும் 866,000. கணக்குப்படி இரண்டாவதுக்குத்தான் விலை கூடுதலாக இருக்க வேண்டும், சந்தையில் நடப்பதோ நேர்மாறு. 1931-எஸ் (வருடத்தோடு வரும் எழுத்து நாணயச்சாலையின் குறி: எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, டி என்றால் டென்வர்) குறைவாகத்தான் வந்திருக்கிறது என்பது அப்போதே பலருக்குத் தெரிந்துவிட்டது, ரோல் ரோலாக எடுத்துப் பதுக்கிவைத்தார்கள், அதனால் புத்தம் புதுசு போல இருக்கும் காசுகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. 1914-டி யார் கண்ணிலும் படாமல் பல வருடம் கை மாறிக் கை மாறித் தேய்ந்துபோனது, தேயாத ஒன்று வேண்டுமென்றால் ஆயிரம் டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். எத்தனை அடித்தார்கள் என்பது பாதிக் கணக்குதான். எத்தனை மிஞ்சியிருக்கிறது, அதை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் மீதி.

குறைந்த பட்ஜெட்காரருக்கு வழி திறப்பது அந்த இரண்டாவது பாதியில்தான். 1916-டி மெர்க்குரி டைம் (ஒரு பத்து சென்ட் காசு) 264,000 அடிக்கப்பட்டது, முழுக்கத் தேய்ந்து முகமே தெரியாத ஒன்றுக்கும் பல நூறு டாலர் கேட்பார்கள். 1853-ஆம் வருட அரை சென்ட் அதில் பாதிகூட இல்லை, 129,694 தான், ஆனாலும் ஓரளவு நல்ல நிலையில் நூறு டாலரை ஒட்டியே கிடைத்துவிடும். காரணம் ரொம்பச் சாதாரணம். மெர்க்குரி டைம் வரிசையை முழுசாகச் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏராளம், எல்லோருக்கும் ஆல்பத்தில் அந்த 1916-டி ஓட்டையை அடைத்தாக வேண்டும். அரை சென்ட்டை வருடம் வருடமாகச் சேர்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அதனால் என்னிடம் கேட்டால் கூட்டம் இல்லாத பக்கம் போகச் சொல்வேன். 1857-இல் நின்றுபோன அரை சென்ட், 1864 முதல் 1873 வரை மட்டுமே வந்த இரண்டு சென்ட், 1865-இல் தொடங்கிய மூன்று சென்ட் நிக்கல், இதெல்லாம் இன்றைய அமெரிக்கர்கள் பலர் கண்ணால்கூடப் பார்த்திராத காசுகள். டாலர் நோட்டிலும் எல்லாக் காசிலும் இன்று இருக்கும் 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் முதன்முதலில் ஏறியது அந்த 1864 இரண்டு சென்ட்டில்தான், தேய்ந்த ஒன்று சில பத்து டாலருக்கே வந்துவிடும். மெர்க்குரி டைம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் 1916-டியை விட்டுவிட்டு 1921, 1921-டி இரண்டையும் தேடுங்கள், தேய்ந்த நிலையில் பட்ஜெட்டுக்குள் அடங்கும்.

சரி, இனி போலி. தராசும் காந்தமும் இருந்தால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மலிவு உலோகத்தில் அடித்த போலி மார்கன் டாலரை (பழைய வெள்ளி டாலர் காசு) அவை காட்டிக்கொடுக்கும், அசலின் எடையான 26.73 கிராமுக்குப் பக்கத்தில்கூட வராது, சிலது காந்தத்தில் ஒட்டியே விடும். ஆனால் பட்ஜெட்காரர்களைக் கவிழ்ப்பது வேறு ரகம்: அசல் காசையே எடுத்துச் செதுக்கி வேறு வருடமாக மாற்றியது. அசல் உலோகம், அசல் எடை, தராசு என்ன செய்யும்?

1914-டியையே பாருங்கள். 1944-டி சென்ட்டில் முதல் 4-ஐச் சீவி 1 ஆக்கினால் வேலை முடிந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் 9-க்கும் அடுத்த 1-க்கும் நடுவில் இடைவெளி அசிங்கமாக அகன்று தெரியும். அது தெரியாவிட்டாலும் லிங்கனின் தோளுக்குக் கீழே பாருங்கள். வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் 'வி.டி.பி.' எழுத்துகள் 1909-இல் காசின் பின்பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டு, 1918-இல்தான் தோளுக்குக் கீழே திரும்ப வந்தன. 1914 என்று போட்டிருக்கும் காசில் அங்கே பொடி எழுத்து தெரிந்தால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். (அதையும் தேய்த்து அழிக்கிற ஆட்கள் உண்டு. அந்த இடம் மட்டும் பக்கத்து உலோகத்திலிருந்து வேறு மாதிரி மின்னும்.) 1916-டி டைம் என்றால் டி எழுத்தின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும், பிலடெல்பியாவில் கோடிக்கணக்கில் வந்த, குறி எழுத்தில்லாத சாதா 1916-இல் எழுத்தை ஒட்டவைத்திருப்பார்கள்.

இதனால்தான் பெரிய விலைக் காசு என்றால் பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. (நாணயங்களைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்கள்) சோதித்து மூடிய பிளாஸ்டிக் பெட்டியில்தான் வாங்குங்கள் என்கிறேன். பெட்டியிலும் போலி வந்துவிட்டது, பெட்டி மேல் இருக்கும் அசல் சான்று எண்ணையே காப்பியடிக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் தளத்தில் எண்ணைப் போட்டு, படம் இருந்தால் கையில் உள்ள காசின் கீறலும் கறையும் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் சுத்தம் செய்கிற பழக்கம். நம்மாட்களிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிக் குங்குமச்சிமிழுக்கு விபூதி என்று பழகிய கை நாணயத்தையும் சும்மா விடாது. தேய்த்த காசில் நுண்ணிய கீறல்கள் ஒரே திசையில் ஓடும், விளக்குக்கு அடியில் சாய்த்தாலே தெரியும், விலை பாதியோ அதற்கும் கீழோ போய்விடும். பளபளக்கும் பழைய காசைவிட, கருத்து, சீராகத் தேய்ந்து, யாரும் கை வைக்காத காசைத்தான் நான் எடுப்பேன். கீறல், சுத்தம் என்று குறை குறிப்பிட்ட பெட்டிக் காசுகளும் மலிவாக வரும். உங்களுக்கே வைத்துக்கொள்வதென்றால் வாங்கலாம், விற்கும்போது அதே குறைக்கு நீங்களும் விலை குறைத்தாக வேண்டும்.

ஏலத்தில் வாங்கினால் இன்னொன்று. வென்ற தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று பல இடங்களில் இருபது சதவீதத்தை ஒட்டிப் போடுகிறார்கள், தபால் செலவு தனி. நூறு டாலர்தான் கையில் என்றால் எழுபத்தைந்தைத் தாண்டிக் கேட்காதீர்கள்.