கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடாது

"கர்ப்பப்பைய எடுத்துடலாங்களா மேடம்? அதுக்குத்தான் எதுவும் தெரியாதே."

குடியாத்தம், ஆற்காடு, ஆரணி என்று ஊர்தான் மாறுகிறது, ஆட்டிசம் உள்ள பெண்ணின் மாதவிலக்கைச் சமாளிக்க முடியாமல் அம்மா கேட்கும் கேள்வி மாறுவதில்லை. போன வாரம் வந்தவரிடம் ஒரு டாக்டரே "செஞ்சிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். பெண்ணுக்கு வயது பதிமூன்று. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கர்ப்பப்பையை எடுத்தால் ரத்தப்போக்கு நிற்கும். அவ்வளவுதான். மாதாமாதம் ஹார்மோனை ஏற்றி இறக்குவது சினைப்பை. அது உள்ளேயேதான் இருக்கும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் வரும் அழுகை, தூக்கமின்மை, கையைக் கடித்துக்கொள்வது எல்லாம் அப்படியே தொடரலாம். இதுவரை தேதியைப் பார்த்தாவது காரணம் புரிந்தது, இனி அதுவும் புரியாது. சரி, சினைப்பையையும் சேர்த்து எடுத்தால்? பதிமூன்று வயதில் மெனோபாஸ். எலும்பு பலவீனமாகும், இதயத்துக்கும் நல்லதில்லை.

"யாராவது ஏதாவது பண்ணிட்டா..." என்று சிலர் குரலைத் தாழ்த்துவார்கள். கர்ப்பம் தங்காது என்றால் கொடுமை நடக்காதா? நடந்தது வெளியே தெரியாமல் போகும், அதுதான் வித்தியாசம். அதோடு, குழந்தை பெற முடியாமல் செய்யும் எந்தச் சிகிச்சையையும் அவளுடைய சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் பிரிவு 10. ஆட்டிசமும் அந்தச் சட்டத்தில் வருகிறது. டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவளுக்குத் தெரியாது என்பதும் தப்பு. பலருக்கு எல்லாமே அளவுக்கு மீறித் தெரியும். பேட் உரசுவது, ஈரம், வாடை, அதன் ஒட்டும் பசை. வேலூர் மே மாத வெயிலில் நமக்கே தாங்காது. பேச முடிந்த ஆட்டிசப் பெண்கள், அந்த நாட்களில் சத்தமும் வெளிச்சமும் இன்னும் கூசுவதாகச் சொல்கிறார்கள். சிலருக்கு நேர்மாறாக வயிற்றுவலியை வலி என்று அடையாளம் காணவே முடியாது. சுவரில் தலையை முட்டுவாள், சாப்பாட்டைத் தள்ளுவாள். "பிடிவாதம்" என்று அடி வேறு விழும். தேதியைப் பாருங்கள், வலி மாத்திரைக்கு டாக்டரைக் கேளுங்கள்.

அப்புறம் அந்த மஞ்சள் நீராட்டு. குச்சு கட்டித் தனியே உட்கார வைத்து, தட்டு, பாய், சாப்பிடும் நேரம் எல்லாவற்றையும் மாற்றுகிறீர்கள். கடைசியில் பட்டுப்புடவை, மாலை, ஸ்பீக்கர் செட், மண்டபம் நிறையக் கூட்டம். அன்றாட ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு வாழும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும், விடுங்கள்.

மார்பு வளரத் தொடங்கும்போதே தயாராகுங்கள். மாதவிலக்கு வர ஏறத்தாழ இரண்டு வருஷம் இருக்கும். உலர்ந்த பேடைத் தினமும் கொஞ்ச நேரம் வைத்துப் பழக்குங்கள். பிடிக்கவில்லையா, பருத்தித் துணியோ, ரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் உள்ளாடையான பீரியட் பேண்டியோ பாருங்கள். மாற்றும் விதத்தைப் படமாக வரைந்து பாத்ரூமில் ஒட்டுங்கள். "நனைந்தால் மாற்று" என்றால் அவளுக்குப் பிடிபடாமல் போகலாம். கடிகாரத்தைக் காட்டி, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று சொல்லுங்கள். பேடை எங்கே கழற்றலாம், எங்கே கூடாது என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

எரிச்சலையும் ஆவேசத்தையும் குறைக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றால் "நல்லதாப் போச்சு" என்று சும்மா இருக்காதீர்கள். அந்த மருந்து, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றும், ரத்தப் பரிசோதனை வேண்டும். வலிப்பு உள்ள பெண்ணுக்கு அந்த நாட்களில் வலிப்பு கூடினால் அதையும் காலண்டரில் குறித்துவையுங்கள்.

ரத்தப்போக்கு உண்மையிலேயே தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் இருக்கிறது. இரண்டையும் வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். தயவுசெய்து டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள் அம்மா.