ஹெர்லூம்: முதுசொம் விதை

கிரீன் ஜீப்ரா என்றொரு தக்காளி. பழம் பச்சை, அதன் மேல் கரும்பச்சை வரிகள். மாடித்தோட்டக்காரர்கள் ஆசையாகத் தேடி வாங்கும் விதை இது. விற்பவர்கள் பலர் பாக்கெட்டில் 'ஹெர்லூம்' என்று அச்சிடுகிறார்கள். தமிழில் எழுதும்போது அது 'நாட்டு விதை' ஆகிவிடுகிறது. இந்தத் தக்காளிக்கு இரண்டுமே சரியில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஹெர் என்பது வாரிசு. லூம் என்றதும் நமக்குத் தறி நினைவுக்கு வரும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கருவி, தட்டுமுட்டுச் சாமான் என்பதே பொருள். நெய்கிற தறி என்று சுருங்கியது பிற்பாடு. ஆக, வாரிசுக்குச் சேரும் சாமான்தான் ஹெர்லூம். இது ஒரு சட்டச் சொல்லும்கூட. பழைய ஆங்கிலச் சட்டப்படி, வீட்டுக்காரர் இறந்தால் நிலமும் வீடும் வாரிசுக்குப் போகும். மற்றப் பொருள்களை உயில் நிறைவேற்றுபவர் பிரித்துக் கொடுப்பார். சில சாமான்கள் மட்டும் வழக்கப்படி வீட்டைவிட்டுப் பிரியாமல் வாரிசோடு போகும். அவையே ஹெர்லூம். விலை போட்டு விற்பது, வாங்குவது என்ற எண்ணமே இந்தச் சொல்லில் இல்லை.

விதைக்கு இந்தப் பெயர் பரவியது கிட்டத்தட்ட 1980களில்தான். அமெரிக்காவில் டயான் ஆட் வீலியும் கென்ட் வீலியும் 1975இல் தொடங்கிய விதை சேகரிப்போர் அமைப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு. டயானின் தாத்தா கொடுத்த விதைகளிலிருந்து தொடங்கிய முயற்சி அது. அவற்றில் ஒன்று ஜெர்மன் பிங்க் என்ற தக்காளி. அவருடைய முன்னோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து கொண்டுவந்தது. குடும்பத்தில் கைமாறி வந்த இந்த மாதிரி விதையை ஹெர்லூம் என்றால் அந்தச் சொல்லின் பழைய பொருள் அப்படியே நிற்கிறது.

கிரீன் ஜீப்ராவின் கதை வேறு. டாம் வாக்னர் என்ற அமெரிக்கர் எவர்கிரீன் முதலிய ரகங்களைக் கலந்து உருவாக்கி, 1983இல் தன் விதைப் பட்டியலில் வெளியிட்டது அது. யாருடைய பாட்டியும் இதை முந்தானையில் முடிந்து வைத்துக் காப்பாற்றவில்லை. சிவப்பில் மஞ்சள் வரியோடு வரும் டைகரெல்லாவும் இங்கிலாந்தில் கலந்து உருவாக்கியதுதான். பெர்க்லி டை டை இன்னும் புதியது, கலிஃபோர்னியாவில் பிராட் கேட்ஸ் கொண்டுவந்தது. தோலில் வரி போட்ட தக்காளிகளில் இன்று பேர்பெற்றவை பெரும்பாலும் இப்படி அண்மைக் காலத்து ஆட்கள் உருவாக்கியவையே. அமெரிக்காவிலேயே இந்த நெருடல் தெரிந்து, 'உருவாக்கிய ஹெர்லூம்' என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். வாரிசுப் பொருளை உருவாக்குவது எப்படியோ, அது அவர்கள் பாடு.

பிறகு ஏன் எல்லோரும் ஹெர்லூம் என்கிறார்கள்? வாங்குபவருக்கு வேண்டியது வேறொன்று: பழத்திலிருந்து எடுத்த விதையைப் போட்டால் அதே பழம் வர வேண்டும். கிரீன் ஜீப்ரா அப்படி வரும். 'எஃப் ஒன்' (கலப்பின் முதல் தலைமுறை) என்று போட்ட வீரிய ஒட்டு ரகம் அப்படி வராது, அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிப்போகும். (வீரிய ஒட்டு என்பதும் குழப்பம் தரும் பெயர்தான். ஒட்டு மாங்கன்றில் உள்ளது போல இதில் எதையும் ஒட்டுவதில்லை.) இந்தக் குணத்தைச் சொல்ல 'நிலைத்த ரகம்' என்றால் போதும். ஹெர்லூம் என்ற பெயர் விதை வந்த வழியைச் சொல்கிறது. நிலைத்த ரகம் என்பது அதன் குணத்தைச் சொல்கிறது. ஹெர்லூம் எல்லாம் நிலைத்த ரகம். நிலைத்த ரகம் எல்லாம் ஹெர்லூம் அல்ல.

இந்த நிலைத்தன்மையை வரியை வைத்தே சோதிக்கலாம். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். எப்போதாவது தேனீ பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். வரியைத் தரும் மரபணு ஒடுங்கிய வகை. தாய், தந்தை இருபக்கமும் இருந்தால்தான் வெளியே தெரியும். எனவே சேமித்த விதையில் முளைத்த செடி வரியே இல்லாமல் சிவப்பாகக் காய்த்தால், அந்த விதையில் கலப்பு ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். விதை எடுப்பதற்குப் பழம் நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். கிரீன் ஜீப்ராவில் அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. வரிகளுக்கு இடையே உள்ள வெளிர்பச்சை மஞ்சளாகி, கையில் லேசாக அமுங்கினால் பழம். சிவக்கட்டும் என்று காத்திருந்தால் அழுகித்தான் விழும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்போடு இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டு, அலசி, நிழலில் காயவைத்தால் போதும்.

சரி, ஹெர்லூமுக்குத் தமிழில் என்ன சொல்வது?

'நாட்டு' என்பது இந்த மண்ணைச் சேர்ந்தது என்ற பொருளைத் தரும். பவேரியாவிலிருந்து அமெரிக்கா போன தக்காளியை அப்படிச் சொல்ல முடியாது. அப்புறம், நம் சந்தையில் நாட்டுத் தக்காளி என்றால் பெங்களூர்த் தக்காளிக்கு எதிர்: உருண்டையாக, புளிப்பாக இருப்பது. அந்தப் பெயரில் வருவதெல்லாம் பழைய விதை என்றும் இல்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 என்ற தக்காளி, அன்னஞ்சி என்ற வட்டார ரகத்தில் சடுதி மாற்றம் (மரபணுவில் திடீர் மாற்றம்) உண்டாக்கித் தேர்ந்தெடுத்தது.

'மரபு விதை' பரவலாக இருக்கிறது, கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் 'மரபணு மாற்றிய விதை' பக்கத்திலேயே நிற்கிறது. நேர் எதிரான இரண்டும் காதில் ஒன்றுபோல விழுவது நல்லதல்ல. 'பாரம்பரிய விதை' தப்பில்லை. நெல்லுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

என் தேர்வு முதுசொம். சொம் என்றால் சொத்து. முதுசொம் என்றால் முன்னோர் விட்டுப்போன சொத்து. யாழ்ப்பாணத்தில் இது இன்னும் புழங்கும் சொல், முதுசம் என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களை டச்சுக்காரர்கள் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் இதற்குத் தனி இடம் உண்டு: பெற்றோரும் முன்னோரும் இறந்து வருவது முதுசம், மணவாழ்க்கையில் சம்பாதித்துச் சேர்ப்பது தேடிய தேட்டம். ஹெர்லூம் போலவே இதுவும் வாரிசுரிமைச் சட்டத்தில் புழங்கிய சொல். இதைவிடப் பொருத்தமாக வேறொன்று கிடைக்குமா தெரியவில்லை. தமிழ்நாட்டில் கேட்டுப் பழகாத சொல் என்பது ஒரு குறைதான். பாக்கெட்டில் இரண்டு முறை பார்த்தால் பழகிவிடும்.

அந்தக் கணக்கில் ஜெர்மன் பிங்க் முதுசொம் விதை. கிரீன் ஜீப்ரா டாம் வாக்னரின் தேடிய தேட்டம். விதை எடுத்து யாருக்காவது கொடுத்தால் உறையில் 'கிரீன் ஜீப்ரா, நிலைத்த ரகம்' என்று எழுதி, எடுத்த ஆண்டையும் போட்டுக் கொடுங்கள்.