மரபணு மாற்றிய விதை: ஆய்வகத்தில் பாதி, வயலில் மீதி

“விதையில்லாத தர்பூசணி மரபணு மாற்றுப் பயிர்தானே?” பயிர் உயிரித்தொழில்நுட்பத்தில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி இது. இல்லை. நான்கு தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட செடியையும் இரண்டு தொகுதி கொண்ட சாதாரணச் செடியையும் கலப்புச் செய்து பெறுவது அது. ஹைப்ரிட் என்பதும் கலப்பில் பிறந்ததுதான். மரபணு மாற்றம் வேறு வேலை: பெரும்பாலும் வேறோர் உயிரியின் மரபணு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆய்வகத்தில் செடியின் செல்லுக்குள் சேர்ப்பது.

இப்படிச் சேர்ப்பதை மனிதர்கள் கண்டுபிடிக்கவில்லை. மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரி, செடியின் காயம் வழியாகத் தன் டி.என்.ஏ. துண்டு ஒன்றைச் செடியின் குரோமோசோமுக்குள் செருகிவிடும். அந்த இடத்தில் கட்டி வளரும். 1977இல் மேரி-டெல் சில்டன் குழுவினர் இதை நிறுவினார்கள். கட்டியை உண்டாக்கும் மரபணுக்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேண்டிய மரபணுவை வைத்து அனுப்பும் முறை 1983இல் புகையிலையில் பலித்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இந்த நுண்ணுயிரியின் டி.என்.ஏ. இயற்கையாகவே இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

ஆய்வகத்தில் இலையைச் சிறு வட்டங்களாக வெட்டி, நுண்ணுயிரிக் கரைசலில் நனைத்து, ஊட்டச்சத்தும் கனமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் கலந்த அகர் கூழ்த் தட்டில் பரப்புவோம். சில வாரங்களில் பெரும்பாலான துண்டுகள் வெளிறிச் செத்துப்போகும். ஒன்றிரண்டின் ஓரத்தில் மட்டும் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சைத் துளிர் எட்டிப்பார்க்கும். கனமைசினைத் தாங்கும் மரபணுவையும் கூடவே அனுப்பியிருப்பதால், பச்சையாக நிற்பதுதான் அடையாளம். ஆனால் பச்சையெல்லாம் தேறாது. மரபணு குரோமோசோமில் எங்கே போய் உட்காரும் என்பது இந்த முறையில் நம் கையில் இல்லை. ஒரு செடியில் ஒரு பிரதி இருக்கும், அடுத்ததில் மூன்று இருக்கும். ஒன்றில் நன்றாக வேலை செய்யும், மற்றொன்றில் ஊமையாகிவிடும். ஏராளமான செடிகளை வளர்த்து, சோதித்து, மிகச் சிலவற்றையே வயல் சோதனைக்கு அனுப்புகிறோம். காலமும் பணமும் கரைவது இந்தக் கழித்துக்கட்டும் வேலையில்தான்.

அப்படித் தேறியவற்றில் அதிகம் பேசப்படுவது பி.டி. பருத்தி. பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணு அதில் இருக்கிறது. அது உண்டாக்கும் புரதம், காய்ப்புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் உடைந்து, குடல் சுவரின் குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டி ஓட்டை போடும். மனிதக் குடலில் அந்த ஏற்பிகள் இல்லை. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளிடமும் இந்தப் புரதத்தின் ஜம்பம் பலிக்காது. “பி.டி. போட்டும் பூச்சி வருதே” என்ற புகாரோடு வரும் வயல்களில் இலையைத் திருப்பிப் பார்த்தால் பல நேரம் உட்கார்ந்திருப்பவை இவைதான்.

மற்ற புகார்களைத் தள்ளிவிட முடியாது. இந்தியாவில் 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. அந்த முதல் தலைமுறை விதையின் புரதத்தை இளஞ்சிவப்புக் காய்ப்புழு தாங்கிக்கொள்வதாக 2010இல் குஜராத்திலிருந்து தகவல் வந்தது. பிறகு இரண்டு புரதங்கள் கொண்ட விதையிலும் அதே கதை. பி.டி. பருத்தியைச் சுற்றிச் சாதாரணப் பருத்தியை ஐந்து வரிசை அல்லது பரப்பில் 20 சதவீதம், எது அதிகமோ அந்த அளவு ‘புகலிடப் பயிராக’ விதைக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. புரதத்தைத் தாங்கும் புழுக்கள் தொடக்கத்தில் மிகச் சிலவே. அவை அந்துப்பூச்சியாகி, சாதாரணப் பருத்தியில் பிழைத்து வரும் அந்துப்பூச்சிகளோடு இணைந்தால், பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை பி.டி. செடியைத் தின்று சாகும். இதற்காகவே 120 கிராம் விதைப் பொட்டலம் தனியாகக் கொடுத்தார்கள். அதைப் பலர் பிரிக்கவே இல்லை. விவசாயியை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை; காரணத்தைச் சொல்லாமல் பொட்டலத்தை மட்டும் கையில் திணித்தால் யார் விதைப்பார்கள்?

அமெரிக்காவின் அரிசோனாவில் இந்தப் புகலிடப் பயிரை ஒழுங்காக வைத்தார்கள். பின்னர் மலடாக்கிய அந்துப்பூச்சிகளைப் பெருமளவில் பறக்கவிட்டார்கள். அமெரிக்கப் பருத்தி வயல்களிலிருந்து இந்தப் புழு ஒழிந்துவிட்டதாக 2018இல் அறிவிப்பு வந்தது. இரண்டு நாட்டிலும் புழு ஒன்றுதான், முதலில் பயன்படுத்திய புரதமும் ஒன்றுதான்.

களைக்கொல்லியைத் தாங்கும் சோயா 1996இல் வந்தபோதும் இதே போக்குதான். ஆண்டுதோறும் கிளைபோசேட் என்ற அந்த ஒரே களைக்கொல்லியை மட்டுமே அடித்த வயல்களில் அதற்கு அசராத கீரையினக் களைகள் தலைதூக்கின.

பருத்தி போட்டிருப்பவர்களுக்கு: பூக்கும் பருவத்தில், ஆண் அந்துப்பூச்சிகளை வாசனையால் இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். ஒரு பொறியில் ஓரிரவுக்கு எட்டு அந்துப்பூச்சி வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால் கட்டுப்பாட்டைத் தொடங்க வேண்டும். இதழ் விரியாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும் பூவைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே புழு இருக்கும். அப்படிப்பட்ட பூக்களைப் பறித்து அழித்துவிடுங்கள். கடைசிப் பறிப்புக்குப் பிறகும் இன்னொரு முறை காய் வெடிக்கும் என்று ஆசைப்பட்டுச் செடியை நிறுத்தி வைக்காதீர்கள்.