‘கம்யூனிட்டி சேஃப்டி அண்ட் வெல்பீயிங்’: தமிழில் எப்படிச் சொல்வது?

பேருந்து, ரயில் நிறுவனங்களின் அறிக்கைகளிலும் வேலை விளம்பரங்களிலும் சில ஆண்டுகளாக அடிக்கடி கண்ணில் படும் தொடர் ‘கம்யூனிட்டி சேஃப்டி அண்ட் வெல்பீயிங்’. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இது சட்டத்திலேயே ஏறிவிட்ட சொல். அதன் தலைநகரான ரொறன்ரோவில் ஏராளமான தமிழர்கள் வாழ்வதால் இது தமிழிலும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. எழுதும்போது கைக்கு முதலில் வருவது ‘சமூகப் பாதுகாப்பும் நல்வாழ்வும்’. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரிடம் ‘சமூகப் பாதுகாப்புத் திட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, அதற்கென்று தாலுகா அலுவலகத்தில் இருக்கும் தனி வட்டாட்சியர், இவைதான் அவர் மனதில் வரும். ‘நல்வாழ்வு’ என்றால் மக்கள் நல்வாழ்வுத் துறை, அதாவது ஆஸ்பத்திரி. ஆக, ரயிலில் இரவு பயமின்றிப் போவதைப் பற்றிய ஒரு திட்டம் பென்ஷனும் ஆஸ்பத்திரியுமாக மாறிவிடும்.

முதலில் ஆங்கிலத் தொடர் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம்.

நள்ளிரவு ரயில் பெட்டி ஒன்றில் ஒருவர் தனக்குத் தானே உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். அடுத்த பெட்டியில் வீடில்லாத ஒருவர் குளிருக்கு ஒதுங்கி, கடைசி நிலையம்வரை போய்த் திரும்பித் தூங்குகிறார். படிக்கட்டில் போதைமருந்து மிகுந்து ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணை யாரோ பின்தொடர்கிறார்கள். ஓட்டுநர் மீது ஒருவர் எச்சில் துப்புகிறார். பழைய முறையில் இந்த ஐந்துக்கும் ஒரே பதில்தான்: போலீசைக் கூப்பிடு. கடைசி இரண்டுக்கு அது சரி. முதல் மூன்றுக்கு முறையே மனநலப் பணியாளர், ஒரு படுக்கை, மருத்துவ உதவியாளர் என்று வேறு வேறு ஆட்கள் வேண்டும். யாருக்கு யார் போவது என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, அந்த ஆட்களைப் பழக்கி, அவர்கள் அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டு, பணம் ஒதுக்கி, பலன் இருக்கிறதா என்று பார்ப்பது. இந்த மொத்த வேலைக்குத்தான் அந்த நீளப் பெயர்.

இங்கே ‘கம்யூனிட்டி’ என்பது இடத்தையோ இனத்தையோ விட, வேலை செய்யும் முறையைத்தான் அதிகம் குறிக்கிறது. காவல்துறை தனியாகச் செய்யாமல் மற்றவர்களோடு சேர்ந்து செய்வது என்று பொருள். இந்தப் பொருள் பிரிட்டனில் பிறந்தது. குற்றத் தடுப்பைப் பற்றி அங்குள்ள அரசுக்காக எழுதப்பட்டு 1991-இல் வந்த மார்கன் அறிக்கை, ‘குற்றத் தடுப்பு’ என்று சொன்னால் அது போலீஸ் வேலை என்று எல்லாரும் ஒதுங்கிவிடுகிறார்கள், ஆகவே ‘கம்யூனிட்டி சேஃப்டி’ என்று சொல்லுவோம் என்றது. உள்ளாட்சி மன்றங்களையும் பொறுப்புக்குள் இழுப்பதுதான் நோக்கம். 1998-இல் அங்கே வந்த சட்டம் அதைக் கட்டாயமாக்கியது.

கனடாவுக்கு வந்த வழி வேறு. சஸ்காச்சுவன் மாகாணத்தின் பிரின்ஸ் ஆல்பர்ட் நகரத்தில் 2011-இல் ‘ஹப்’ என்ற பெயரில் ஒரு மேசைக் கூட்டம் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்ததைப் பார்த்துவிட்டு வந்து செய்தது. காவல்துறை, மருத்துவம், பள்ளி, சமூகநலம் எல்லாரும் வாரம் இருமுறை ஒன்றாக உட்கார்ந்து, ஏதோ பெரிய ஆபத்தை நெருங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்தைப் பற்றிப் பேசி, ஓரிரு நாளில் கதவைத் தட்டுவார்கள். இந்த யோசனை ஒன்ராறியோவுக்கும் பரவியது. 2018-இல் சட்டத் திருத்தம் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு நகராட்சியும் ‘கம்யூனிட்டி சேஃப்டி அண்ட் வெல்பீயிங்’ திட்டம் ஒன்றை எழுதியாக வேண்டும் என்றானது. மாகாணம் அதற்கு நான்கு அடுக்குகள் கொண்ட வரைவும் கொடுத்தது. சம்பவம் நடந்தபின் ஓடுவது ஒன்று, ஆபத்து முற்றும்போது குறுக்கே போவது இரண்டு, முன்பே தடுப்பது மூன்று, வறுமை, வீடு, கல்வி போன்ற வேர்களைக் கவனிப்பது நான்கு. பணமும் ஆளும் முதல் அடுக்கிலேயே தீர்ந்துபோகிறது என்பதுதான் அந்த வரைவு சொல்லும் குறை.

ரொறன்ரோ நகரசபை 2021 ஜூலையில் ‘சேஃப்டிஓ’ என்ற பத்தாண்டுத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. நகரத்தின் பேருந்து, சுரங்க ரயில், டிராம் மூன்றையும் ஓட்டும் டிடிசி நிறுவனமும் அதையொட்டி நடக்க வேண்டியதாயிற்று. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் ரயில்களில் அடுத்தடுத்துத் தாக்குதல்கள் நடந்தன. ஜனவரி இறுதியில் தினமும் 80-க்கும் மேற்பட்ட காவலர்களை வண்டிகளிலும் நிலையங்களிலும் இறக்கினார்கள். கூடவே, தெருவில் வாழ்வோரிடம் பேசப் பழகிய களப்பணியாளர்களும் வந்தார்கள். பயணிகளில் ஒரு சாரார் போலீஸ் இன்னும் வேண்டும் என்றார்கள், இன்னொரு சாரார் போலீசைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பயம் என்றார்கள். இரண்டு பேரையும் ஒரே தொடருக்குள் உட்கார வைக்க வேண்டிய நெருக்கடி இதில் தெரிகிறது. டிடிசி அறிக்கைகளில் அந்தத் தொடர் இன்னும் நீண்டு, ‘கம்யூனிட்டி சேஃப்டி, செக்யூரிட்டி அண்ட் வெல்பீயிங்’ ஆனது.

பெயர்தான் புதிது, வேலை பழையது. 1989-இலேயே பெண்கள் அமைப்புகள் டிடிசியோடு சேர்ந்து, பெண்களுக்கு ரயிலிலும் பேருந்திலும் எங்கே பயம் வருகிறது என்று ஆராய்ந்தன. அதிலிருந்து வந்தவைதான் நடைமேடையில் வெளிச்சம், கேமரா, பேசும் பொத்தான் எல்லாம் கொண்ட தனிக் காத்திருப்பு இடமும், இரவு 9 மணிக்குமேல் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவிலும் கேட்டு இறங்கிக்கொள்ளும் வசதியும். இறங்கும் வசதி 1991-இல் தனியாகப் பயணிக்கும் பெண்களுக்காகத் தொடங்கி, பிறகு எல்லாருக்கும் ஆனது. மார்கன் அறிக்கை வெளியான அதே ஆண்டு! 2011-இல் நடைமேடைத் தொலைபேசிகளில் ஒரு பொத்தானை அமுக்கினால் மனநெருக்கடி உதவி மையத்தோடு நேரே பேசும் ஏற்பாடும் வந்தது. இவற்றில் எதற்கும் அப்போது ‘வெல்பீயிங்’ என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

இனி சொற்களுக்கு வருவோம். டிடிசியின் மூன்று சொல் தொடரைத் தமிழாக்கப் போனால் ‘பாதுகாப்பு, பாதுகாப்பு, நலன்’ என்று வந்து நிற்கும். சேஃப்டிக்கும் செக்யூரிட்டிக்கும் தமிழில் ஒரே சொல்லைத்தான் புழங்குகிறோம். படிக்கட்டில் ‘பாதுகாப்பே முதன்மை’, வாசலில் ‘பாதுகாப்புப் பணியாளர்’.

ஆங்கிலத்தில் இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. ‘செக்யூரிட்டி’யில் இருப்பது ‘சே’, ‘கூரா’ என்ற இரண்டு துண்டுகள்: கவலை நீங்கியது. ‘சேஃப்’ வருவது ‘சால்வுஸ்’ என்ற சொல்லிலிருந்து. அதற்குச் சேதமில்லாமல் முழுசாக இருப்பது என்று பொருள். அதன் நெருங்கிய உறவான ‘சாலுஸ்’ உடல்நலத்தையும் பாதுகாப்பையும் சேர்த்தே குறித்தது. அதாவது சேஃப்டியும் வெல்பீயிங்கும் ஒரு காலத்தில் ஒரே வீட்டுக்காரர்கள். பிரிந்துபோனவர்களை இப்போது ‘அண்ட்’ போட்டுச் சேர்த்து வைக்கிறார்கள்.

நம் பக்கமும் இதே கதைதான். ‘ஏமம்’ என்று ஒரு பழைய சொல் உண்டு. அதற்குக் காவல் என்றும் பொருள், இன்பம் என்றும் பொருள். ஒரு நாட்டுக்கு அணி எவை என்று அடுக்கும் குறள் இது:

பிணியின்மை செல்வம் விளைவின்பம் ஏமம்
அணியென்ப நாட்டிவ் வைந்து

நோயின்மையில் தொடங்கி ஏமத்தில் முடிகிறது. ஒன்ராறியோ மாகாணத்தின் நான்கு அடுக்கு வரைவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொரு குறள் சினத்தைப் பற்றியது. அது ‘இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்’ என்கிறது. நம்மைச் சூழ்ந்திருப்பவர்கள்தான் நம்மைக் கரைசேர்க்கும் பாதுகாப்பான தெப்பம் என்பது அதில் அடங்கியிருக்கும் கருத்து. இனம், ஏமம், புணை: கம்யூனிட்டி, சேஃப்டி, போக்குவரத்து மூன்றும் மூன்றே சொற்களில் வந்துவிட்டன. ‘இன ஏமம்’ என்று வைத்துவிடலாமா? வேண்டாம். ‘இனம்’ இன்று வேறெங்கோ போய்விட்டது. ‘ஏமம்’ என்று பேருந்தில் ஒட்டினால் படிப்பவர் காதில் ‘ஏமாற்று’தான் விழும்.

‘க்ஷேமம்’ அடுத்த வேட்பாளர். வடமொழியில் அது ‘தங்கு, குடியிரு’ என்ற வேரில் பிறந்தது. இருக்கும் இடத்தில் நிம்மதியாக இருப்பது என்ற பொருளிலிருந்து பாதுகாப்பு, நலம் இரண்டுக்கும் வளர்ந்தது. ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம்’ என்று அஞ்சலட்டை எழுதிய தலைமுறைக்கு விளக்கமே வேண்டாம். உயிரோடு, பத்திரமாக, நோய்நொடி இல்லாமல் எல்லாம் அதில் அடக்கம். தமிழ் உருவில் அது ‘சேமம்’. ஆனால் சேமமும் காசுப் பக்கம் போய்விட்டது: சேமநல நிதி, இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி. சமூகப் பாதுகாப்பு போன இடத்துக்கே இதுவும் போயிருக்கிறது. தமிழில் நலத்தைப் பற்றிய சொல் எதை எடுத்தாலும் கடைசியில் ஓய்வூதியத்தில் கொண்டுபோய் விடுகிறது.

சரி, அப்புறம் என்ன மிச்சம்? ‘கா’ என்ற வேர் மிச்சம். காப்பு, காவல், பாதுகாப்பு எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். ‘காத்திரு’ என்பதிலும் அதே ‘கா’ இருக்கிறது. பழைய தமிழில் காத்தல் என்றால் காப்பாற்றுவதும்தான், எதிர்பார்த்து இருப்பதும்தான். நடைமேடையில் வெளிச்சம் போட்ட அந்தக் காத்திருப்பு இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேரை ஆங்கிலத்தில் தேடினாலும் கிடைக்காது. ஆகவே சேஃப்டிக்குப் பாதுகாப்பு, செக்யூரிட்டிக்குக் காவல் என்று பிரித்துக்கொள்வது நல்லது. குழப்பம் தீரும், இரண்டும் புழக்கத்தில் உள்ள சொற்களும்கூட.

‘கம்யூனிட்டி’க்குச் ‘சமூகம்’ என்று போட வேண்டாம் என்பதற்குப் பென்ஷனைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. ‘எங்க சமூகத்துக்குப் பாதுகாப்பு வேணும்’ என்று தமிழ்நாட்டில் ஒருவர் சொன்னால் அவர் சாதியைச் சொல்கிறார். கனடாவில் ‘தமிழ்ச் சமூகம்’ என்பது இயல்பான பேச்சு, ஆனால் அங்கேயும் அது ஒரு இனத்தாரைத்தான் குறிக்கும். ரயில் பெட்டியில் இருப்பவர்கள் அப்படி ஒரு சமூகமே இல்லை. ‘பயணிகள்’ என்று போடலாமே என்று தோன்றும். நானும் அந்தப் பக்கம் சாய்ந்தவன்தான், ஆனால் குளிருக்கு ஒதுங்கித் தூங்குபவர் எங்கும் பயணம் போகவில்லை. ஓட்டுநரும் பயணி இல்லை. இந்தத் திட்டத்தின் உயிரே அவர்களையும் கணக்கில் சேர்ப்பதில் இருக்கும்போது, பெயரிலேயே வெளியே தள்ளினால் எப்படி? எல்லாரையும் அடக்குவது ‘மக்கள்’.

‘வெல்பீயிங்’குக்கு ‘நலன்’ போதும். நல்வாழ்வு மருத்துவத்துக்குப் போனது, ‘நலவாழ்வு’ என்று சற்றே திருப்பிப் போட்டாலும் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்கள். ‘மக்கள்’, ‘நலன்’ இரண்டையும் ஒட்டிப் போட்டால் 2016 தேர்தல் கூட்டணி நினைவுக்கு வரும் என்பதால் நடுவில் பாதுகாப்பு வருவது ஒரு வகையில் வசதி. ஆக ‘மக்கள் பாதுகாப்பும் நலனும்’. மூன்று சொல் வடிவத்துக்கு ‘மக்கள் பாதுகாப்பு, காவல், நலன்’. வேலைப் பெயராக வரும்போது ‘பொதுப் போக்குவரத்தில் மக்கள் பாதுகாப்பு, நலத் திட்டங்களின் மேலாளர்’. நீளம்தான், ஆனால் ஆங்கிலமும் ஒன்றும் குட்டையில்லை.

இதோடு ஒட்டிவரும் சில சொற்கள். ‘அவுட்ரீச் வொர்க்கர்’ என்பவரை ‘களப்பணியாளர்’ என்றால் போதும். ‘வெளிச்சென்றடைதல்’ என்றெல்லாம் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அதை வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாது. டிடிசியின் ‘ஸ்பெஷல் கான்ஸ்டபிள்’ சீருடையில் இருப்பார், விலங்கும் தடியும் வைத்திருப்பார், துப்பாக்கி கிடையாது. காவல்துறை ஊழியரும் அல்லர். எனவே வெறும் ‘காவலர்’ என்று எழுதினால் தவறாகும், ‘போக்குவரத்துச் சிறப்புக் காவலர்’ என்று முழுதாக எழுத வேண்டும். தமிழ்நாட்டில் சிறப்புக் காவல் படை வேறு இருக்கிறது என்பதால் ‘போக்குவரத்து’ என்ற முன்னொட்டை விடவே கூடாது. ரொறன்ரோவில் 2022-இல் சோதனையாகத் தொடங்கி 2024-இல் நகரம் முழுக்க வந்த, போலீஸ் இல்லாமல் மனநலப் பணியாளர்களே போகும் சேவையின் பெயரிலும் ‘கம்யூனிட்டி’ இருக்கிறது, ‘கிரைசிஸ்’ இருக்கிறது. அதைச் ‘சமூக நெருக்கடிச் சேவை’ என்று எழுதினால், சமூகத்துக்கே ஏதோ நெருக்கடி வந்ததுபோல் இருக்கும். ‘மனநெருக்கடி உதவிக் குழு’ என்று எழுதி, பக்கத்தில் 211 என்ற எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். அவசரத்தில் இருப்பவர் முதலில் தேடுவது எண்ணைத்தான்.