ஹார்லிக்ஸ் பாட்டிலில் வந்த முதலைகள்

மாசி பிறந்து பனி விலகத் தொடங்கியதும் என் மேசைக்குப் பாட்டில்கள் வர ஆரம்பித்துவிடும். ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில், ஒருமுறை எவர்சில்வர் டிபன் டப்பா. உள்ளே ஏதாவது ஒரு பூச்சி இருக்கும். பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனையில் பாதி வேலை இந்த மூடிகளைத் திறப்பதுதான்.

போன வாரம் வந்தவர் அவரைப் பந்தல் போட்டிருக்கிறவர். “மேடம், புதுசா ஒரு புழு எறங்கியிருக்குதுங்க. முதலைக்குட்டியாட்டம் இருக்குது. ரெண்டு தடவை மருந்து அடிச்சாச்சு, இன்னும் மிச்சம் கெடக்குது.”

பாட்டிலுக்குள், செடியின் சாற்றை உறிஞ்சுகிற பொடிப்பூச்சியான அசுவினி அப்பிய ஒரு கொழுந்து. அதில் ஏழெட்டுப் புழுக்கள். கரிய உடம்பு, முதுகெல்லாம் முள்முள்ளாய் மேடு, இடையிடையே ஆரஞ்சு நிறத் திட்டு, முன்பக்கம் ஆறு கால். பொறிவண்டின் புழுக்கள். இதற்கு மருந்து கேட்டு இந்த மாசியில் வந்தவர்களில் இவர் ஆறாவது ஆள்.

பதில் சொல்லாமல் லென்ஸைக் கையில் கொடுத்தேன். ஒரு புழு அசுவினியைக் கவ்விச் சாற்றை உறிஞ்சி, சக்கையைப் போட்டுவிட்டு அடுத்ததிடம் போனது. அவர் நிமிர்ந்தார்.

“அப்போ நான் அடிச்சது?”

“உங்க ஆளுங்களைத்தாண்ணே.”

பட்டாம்பூச்சி புழுவாக இருந்து வருவது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பொறிவண்டு மட்டும் சிவப்பு ஓட்டோடு குன்றிமணி மாதிரியே பிறக்கிறது என்று நாம் எப்படியோ நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லவே இல்லை. இலையின் அடியில் நட்டு வைத்ததுபோல் கொத்தாக நிற்கிற மஞ்சள் முட்டை அதனுடையது. அதிலிருந்து வருவது இந்த முதலைக்குட்டி. தின்று, தோலுரித்து, அப்புறம் வால் பக்கத்தை இலையில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாக உட்கார்ந்துவிடும். அதையும் ‘இலையில் கொப்புளம்’ என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். முட்டை வண்டாவதற்கு நம் ஊர் வெயிலில் மூன்று வாரம் போல ஆகும். அதற்குள் ஒரு புழு நூற்றுக்கணக்கில் அசுவினியைத் தின்று தீர்க்கும். வண்டைக் கண்டால் அழகு என்று விட்டுவிடுகிறோம், அதன் பிள்ளையைக் கண்டால் டேங்க்கைத் தூக்கித் தோளில் மாட்டுகிறோம்!

புழு என்றாலே பயிரைத் தின்னும் என்கிற நினைப்பை முதலில் விடுங்கள். இலைமேல் திரிகிற புழுவைக் கண்டால் கடித்த ஓட்டையோ சுரண்டிய தடமோ இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அது வேறு எதையோ தின்று பிழைக்கிறது என்று அர்த்தம்.

மாடித்தோட்டக்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் கதை இன்னும் மோசம். செம்பருத்தியில் மாவுப்பூச்சிக்கு நடுவே பெரிதாக, சடைசடையாய் வெள்ளைப் பஞ்சோடு ஒன்று இருக்கும். ‘இதுதான் தாய்ப்பூச்சி’ என்று பழைய பல் பிரஷ்ஷால் அதை முதலில் தேய்த்துக் கொல்கிறீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்கிற ஆள், வேஷமும் மாவுப்பூச்சி வேஷம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குச்சியால் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி அசைந்துகொடுக்காது. இது விறுவிறுவென்று நடந்துவிடும்.

பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பாய்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடிக்காத மருந்தில்லை. கடைசியில் அதை அடக்கியது 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவிகள்.

எல்லாப் புள்ளி வண்டும் நல்லது என்றும் கிளம்பிவிடாதீர்கள். கத்தரியிலும் பாகலிலும் வருகிற எபிலாக்னா வண்டு இலையைத்தான் தின்னும். பொறிவண்டின் முதுகு எண்ணெய் தடவியதுபோல் மின்னும். எபிலாக்னா பொடிரோமத்தோடு மங்கலாக இருக்கும். அதன் புழு மஞ்சள், கிளைவிட்ட முள்ளோடு இருக்கும். இலை நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையானால் சந்தேகமே வேண்டாம். புழுவையும் வண்டையும் கையால் பொறுக்கி அழியுங்கள்.

அசுவினி நாலு கொழுந்தில் தெரிந்த உடனே கடைக்கு ஓடாதீர்கள். அந்தக் கொழுந்தைக் கிள்ளி எறியுங்கள், அல்லது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். எறும்பு ஏறாமல் பாருங்கள். அது அசுவினியின் தேன்கழிவுக்காக அதற்குக் காவல் நின்று பொறிவண்டை விரட்டும். வயல் ஓரத்தில் தட்டைப்பயறு இரண்டு வரிசை போடுங்கள், பொறிவண்டு அங்கே தங்கிப் பெருகும். தலைமுடி போன்ற காம்பின் நுனியில் ஒற்றை முட்டை நின்றால் அது பூஞ்சணம் இல்லை, கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அதுவும் நம் கட்சி.

மருந்து அடித்தால் இரண்டு பக்கமும் சாகும். ஆனால் அசுவினி ஆணில்லாமலே குட்டி போடுவது. ஒன்று தப்பினாலும் சீக்கிரத்தில் கொழுந்தை நிரப்பிவிடும். பொறிவண்டு திரும்ப வந்து முட்டையிட்டுப் பெருகும்வரை உங்கள் பந்தலுக்குக் காவல் கிடையாது. ‘மருந்துக்குப் பூச்சி கேட்கவில்லை, இன்னும் வீரியமாகக் கொடுங்கள்’ என்று வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வருகிறார்கள்.

தயவுசெய்து, அடிப்பதற்கு முன் ஒரு படம் அனுப்புங்கள். காலை வெளிச்சத்தில், இலையைத் திருப்பி, பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்து எடுங்கள். எந்தப் பயிர் என்று எழுதுங்கள். செத்து நசுங்கியதை அனுப்பி ‘இது என்ன பூச்சி’ என்று கேட்டால் எனக்குத் தெரியாது.