தால்சாவா, தாளிச்சாவா?

பேரணாம்பட்டில் ஒரு கல்யாணப் பந்தி. பிரியாணிக்குப் பக்கத்தில் கத்திரிக்காய் மிதக்கிற குழம்பை ஊற்றிக்கொண்டு வந்தவரிடம், "பாய், இதுக்கு ஏன் தாளிச்சான்னு பேரு?" என்று கேட்டேன். "கடைசியில தாளிச்சுக் கொட்டுறோம்ல தம்பி, அதான்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சொல் அந்த வழியில் வரவில்லை.

இதன் பெயர் தால்சா. ஐதராபாத்திலும் இதே பெயர்தான். அங்கே உருது பேசுகிறவர்கள் தாளிப்பதற்கு 'பகார்' என்பார்கள். 'தாளி' என்ற வினையே அவர்களின் உருதுவில் இல்லை. தால் என்றால் பருப்பு. பிளத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. உடைத்த பருப்பு என்பதால் அந்தப் பெயர். தமிழ்க் காது 'தால்சா'வைத் தனக்குத் தெரிந்த தாளிப்போடு சேர்த்துத் தாளிச்சா ஆக்கிக்கொண்டது. பிழைதான், ஆனாலும் மணமுள்ள பிழை.

சொல் வந்த வழி தக்கணி உருது, அதாவது தக்காணத்தில் வழங்கும் உருது. 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காடு, நவாபுகளின் தலைநகராக இருந்தது. படையும் கணக்கு வழக்கும் பாரசீகம், உருது பேசின. இன்றும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஒரே வீட்டில் தமிழும் உருதுவும் புழங்குகின்றன. சமையல்கட்டில் கிடக்கும் தேக்சாவும் இப்படி வந்ததுதான். பாரசீகத்தில் 'தேக்' என்றால் கொப்பரை, 'சா' சிறுமை காட்டும் விகுதி. அதாவது சின்னக் கொப்பரை. நம் ஊர்த் தேக்சாவைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்!

பெயர் வெளியூர் என்றாலும் உள்ளே கிடக்கும் சரக்கு உள்ளூர். ஐதராபாத்தில் ஆட்டுக்கறியோடு சுரைக்காய் போடுவது வழக்கம். இங்கே கத்திரிக்காய் இல்லாமல் தால்சா இல்லை. வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பைப் பிடிக்கும்போது விரலில் முள் குத்தும், காயோ வெண்ணெயாக வேகும். காம்பை நறுக்காமல் நாலாகக் கீறி, எலும்போடு குழைய வெந்த கடலைப்பருப்பில் போட்டு, காய் வெந்த பிறகுதான் புளியை ஊற்ற வேண்டும். முன்னாலேயே ஊற்றினால் காய் விறைத்துக்கொண்டு வேகாது. நானே ஒருமுறை அப்படிக் கெடுத்திருக்கிறேன். மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்து இரண்டு துண்டு மாங்காய் போடுவார்கள். நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் அந்தப் புளிப்பு வேண்டும், இல்லையென்றால் நாலாவது வாயில் திகட்டிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'பருப்புக் குழம்பு' என்றால் எலும்பும் புளிப்பும் காணாமல் போகும். 'சாம்பார்' என்றால் பாய் கோபித்துக்கொள்வார். குறுந்தொகை 167-ஆம் பாட்டில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: புதிதாய்க் குடித்தனம் தொடங்கிய பெண் கண்ணில் தாளிப்புப் புகை படிய, தானே துழாவிச் சமைத்த 'தீம்புளிப் பாகர்'. அது தயிர் பிசைந்த குழம்பு என்பது வேறு விஷயம். ஆனால் பாகர் என்றால் குழம்பு, தீம்புளி என்றால் இனிய புளிப்பு. அந்தப் பாட்டில் தாளிப்புக்கு 'குய்' என்ற சொல்லும் வருகிறது. கத்திரிக்குப் பழம்பெயர் வழுதுணை. சேர்த்தால் 'வழுதுணைப் புளிப்பாகர்'. அகராதியில் எழுதலாம், ஆம்பூர்க் கடையில் கேட்டால் தண்ணீர்தான் வரும்.

என் கணக்கில், எழுதும்போது தால்சா, விளக்க வேண்டிய இடத்தில் 'கத்திரிக்காய் பருப்புப் புளிக்குழம்பு'. தாளிச்சா என்று எழுதிய பலகையைத் திருத்தப் போக மாட்டேன். இதே பண்டம் மலேசியாவுக்கும் போய் 'டால்ச்சா' என்ற பெயரில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயோடு உட்கார்ந்திருக்கிறது. அங்கேயும் யாரும் அதை வீட்டுப்பெயர் கேட்டு நிறுத்தவில்லை.