மேடு ஏறும்போது மட்டும் வண்டி ஏன் உதறுகிறது?

இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து ஜொகானஸ்பர்க் போகும் என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியதும் டவுன் ஹில் ஏற்றம் வரும். ஜொகானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு கல்யாணம் என்று கிளம்பியிருந்தோம், வண்டியில் ஐந்து பேர், டிக்கியில் மூட்டை முடிச்சோடு அம்மா போட்ட மாங்காய் ஊறுகாய் வேறு. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி உதற ஆரம்பித்தது. சமமான சாலையில் அதுவரை ஒரு குறையும் இல்லை. பின் சீட்டிலிருந்து பெரியப்பா, "மேல போகப் போகக் காத்து குறையுமில்லடா, பொறி எப்படிப் பத்தும்?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது, ஆனால் விஷயம் நேர் எதிர்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையைப் பொறியால் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். அதன் நுனியில் இரண்டு உலோக முனைகள், நடுவே ஒரு மில்லிமீட்டர் போல இடைவெளி. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் என்ற கம்பிச்சுருள் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றி அங்கே அனுப்புகிறது. காற்று மின்சாரத்தைக் கடத்தாது, அதை உடைத்துக்கொண்டுதான் பொறி தாண்ட வேண்டும். உடைப்பது எப்படி என்றால், திரியும் ஓர் எலக்ட்ரான் மின்னழுத்தத்தால் இழுபட்டு வேகமெடுத்து ஒரு மூலக்கூறை மோதி இன்னொரு எலக்ட்ரானைப் பிடுங்க வேண்டும், அவை இரண்டும் ஓடிப்போய் இன்னும் இரண்டைப் பிடுங்க வேண்டும், இப்படியே பெருகி ஆறாக ஓட வேண்டும். அதற்கு ஓடி வேகம் பிடிக்க இடம் வேண்டுமே. தைப்பூசக் காவடி அன்று உம்கேனி ரோடு கோயில் வாசலில் யாராவது ஓடிப் பார்க்கட்டும், இரண்டு அடி வைப்பதற்குள் யார் மேலாவது முட்டிக்கொண்டு நிற்பார்கள். அடர்ந்த காற்றில் எலக்ட்ரானுக்கும் அதே கதிதான், அழுத்தம் கூடக் கூட அதிக வோல்ட் கேட்கும். இடைவெளி அகன்றாலும் அப்படியே.

திறந்த வெளியில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் நசுக்கி வைத்திருக்கும் கலவையில் அது பத்தாயிரம், இருபதாயிரம் என்று போகும். அதனால்தான் பிளக்கைக் கழற்றி வெளியே பிடித்து, "பொறி வருது, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதை நான் நம்புவதில்லை.

சமவெளியில் போகும்போது என்ஜினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டில் பாதிகூடத் திறந்திருக்காது, சிலிண்டருக்குள் போகும் காற்றும் கொஞ்சம்தான். மேட்டில் மிதித்தால் முழுதாகத் திறந்து நிறையக் காற்று புகுந்து நசுங்கும், பொறிக்கு வேலை அதிகம். தாண்ட முடியாமல் பொறி தவறினால் அந்தச் சிலிண்டரில் கலவை எரியாது, வண்டி உதறும். உயரம் உண்மையில் உதவிதான் செய்கிறது. சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜொகானஸ்பர்க்கில் காற்றழுத்தம் டர்பனில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு சொச்சம், வண்டி சக்தி இழக்கும், ஆனால் பொறி சுலபமாகத் தாண்டும். கடலோரத்தில் நாம் ஆக்டேன் எண் 95 உள்ள பெட்ரோல் ஊற்ற, மேட்டுநிலத்துக்காரர்கள் பலர் 93 ஊற்றிச் சமாளிப்பதும் அந்த மெலிந்த காற்றின் தயவுதான்.

வேகத்தைக் குறைத்து, லாரிகளின் பின்னாலேயே ஊர்ந்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். (என்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அப்படி ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் வெளியேறும் வழியில், புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுத் தீர்த்துவிடும்.) வீடு திரும்பிப் பிளக்கைக் கழற்றினால், 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி அளக்கும் 1.5 மில்லிமீட்டர் தகடு லொடலொடவென்று நுழைந்தது. கூர்மையான விளிம்பிலிருந்து பொறி எளிதாகக் கிளம்பும், இதில் விளிம்புகள் தேய்ந்து பழைய சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருந்தன. இடைவெளியும் அகலம், முனையும் மழுங்கல், காயில் எவ்வளவுதான் தள்ளும்?

ஒரு தகவல். பாரிஸில் லெனுவார் என்பவர் மின்பொறியால் எரியூட்டும் எரிவாயு என்ஜினுக்குக் காப்புரிமை வாங்கியது 1860இல். ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நம் முன்னோரை டர்பனில் இறக்கியதும் அதே ஆண்டு. பிளக் நம்மைவிடச் சில மாதம் மூத்தது!

வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் "அதிக சக்தி" எல்லாம் விளம்பரம். சாதாரண நிக்கல் பிளக் 30,000 கிலோமீட்டர் வரும், இரிடியம் ஒரு லட்சம்கூடப் போகும், ஏனென்றால் இரிடியம் உருகவே 2,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், அதனால் முனையை ஊசி போல மெலிதாகச் செய்தாலும் சீக்கிரம் தேயாது. நிஜமாகக் கவனிக்க வேண்டியது வெப்ப எண். நுனி சுமார் 500 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரி படியும், 900ஐ நெருங்கினால் பொறிக்கு முன்பே அதுவே பற்றவைத்துவிடும். இந்த எல்லைக்குள் நிறுத்துவதுதான் அந்த எண்ணின் வேலை. இதில் ஒரு குழப்பம்: என்ஜிகே, டென்ஸோவில் எண் கூடினால் குளிர்ந்த பிளக் (நுனியின் சூட்டைச் சீக்கிரம் இறக்குவது), பாஷ், சாம்பியனில் எண் கூடினால் சூடான பிளக் (சூட்டை மெதுவாக இறக்குவது). எண்ணை மட்டும் பார்த்துக் கம்பெனி மாற்றாதீர்கள், வண்டியின் கையேட்டில் உள்ளதையே வாங்குங்கள்.

மாற்றுவது அரை மணி நேர வேலை. என்ஜின் நன்றாக ஆறட்டும், சூட்டில் திருகினால் பிளக் உட்காரும் என்ஜினின் அலுமினியத் தலையின் மரை போய்விடும், அப்புறம் செலவு பிளக் கணக்கில் இருக்காது. காயிலை எடுத்ததும் குழியில் உள்ள மண்ணை ஊதிவிடுங்கள். கழற்றியவற்றை வந்த வரிசையிலேயே வையுங்கள்: வெளிர் பழுப்பு என்றால் நலம், காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் உள்ளே வேறு வியாதி, வெள்ளையாகக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது.

புதியதை ஸ்பானரால் ஆரம்பிக்கவே கூடாது. நான் ஒரு துண்டு ரப்பர் குழாயைப் பிளக்கின் மேல்முனையில் மாட்டி விரலால் திருகுவேன், மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், பிளக் சுற்றாது. கையால் முழுக்க இறங்கிய பிறகு, வாஷர் உள்ள புது பிளக் என்றால் ஸ்பானரில் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக. வாஷர் அமுங்குவது கையில் தெரியும். தளர்வாக விட்டாலும் ஆபத்துதான், நுனியின் சூடு பெரும்பாலும் மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் தலைக்கு இறங்குகிறது. சரியான எண் வாங்கியும் பிளக் வெந்து போவதற்கு இது ஒரு காரணம்.

கடைசியில் காயில் கனெக்டரைக் 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். நான் ஒன்றை மறந்துவிட்டு, வண்டி இன்னும் மோசமாக உதறவும் கால் மணி நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.